பியானோ நலம்

மஞ்சள் விளக்கு மறுபடியும் சிமிட்டியது.

விருத்தாசலம் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தார். ஒருமுறை ஊற்றினால் இரண்டு வாரம் வரும். இரண்டு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. இன்று திங்கட்கிழமை, மணி ஆறே முக்கால். வெளியே கார்த்திகை மழை, முன்னறையில் மஞ்சள் விளக்கு.

"அம்சா, நேத்து நான் தண்ணி ஊத்தனத நீ பாத்தியா?"

"பாத்தனே. ஒரு சொட்டு கீழ சிந்தாம ஊத்தினீங்க. வாயத் தொறந்துக்கினே ஊத்தினீங்க."

"அப்ப யாரு குடிச்சது?"

அம்சாவுக்கு முன்னால் பியானோ பதில் சொன்னது. இடது கோடியில் ஆகக் கனத்த சுரம் ஒன்று, யாரும் தொடாமலே, 'டொய்ங்' என்று ஒலித்தது. அதையடுத்துச் சின்னதாக ஒரு பரபரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

"எலி," என்றாள் அம்சா.

விருத்தாசலம் வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார்.

அந்த பியானோ அவர்களுடையதல்ல. வீடும் அவர்களுடையதல்ல. இரண்டும் பிரபாவதி அம்மாளுடையவை. அந்த அம்மாள் கனடாவில் மகன் வீட்டோடு இருந்தார். அவருடைய அப்பா சவுரிராயன் திண்டிவனத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். கண்ணை மூடும் வரைக்கும் அந்த பியானோவை வாசித்தவர். வீட்டை வாடகைக்கு விடும்போது பிரபாவதி ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்.

"வாடகை ரெண்டு நாள் முன்ன பின்ன ஆனா பரவால்லங்க. அப்பாவோட பியானோவ மட்டும் நல்லா பாத்துக்குங்க."

பியானோ என்பது மரமும் கம்பளியும் கம்பியும் அடங்கிய ஒரு பெட்டி. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், வறண்டால் சுருங்கும். அதற்காக அதன் அடிவயிற்றில் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். ஈரம் அதிகமானால் அதிலுள்ள கம்பி சூடாகி உலர்த்தும். வறட்சியானால் தொட்டித் தண்ணீர் ஆவியாகி நனைக்கும். விரலால் அழுத்தும் கட்டைகளுக்குக் கீழே மூன்று சின்ன விளக்குகள். பச்சை எரிந்தால் சுகம். மஞ்சள் சிமிட்டினால் தாகம். சிவப்பு சிமிட்டினால் தொட்டிமேல் இருக்கும் ஈரத்துணிகளை மாற்ற வேண்டும். விருத்தாசலம் தன் உடம்பைக்கூட இவ்வளவு கருத்தாகக் கவனித்ததில்லை.

அவர் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் உதவியாளர். தினமும் ரயிலில் போய்வருகிறவர். எதையும் எழுத்தில் வைத்துக்கொண்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஞாயிறுதோறும் ஒரு வெள்ளைத் தாளில் கைப்பட ஒரு கடிதம் எழுதுவார், எண் போடுவார், போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் கனடாவுக்கு அனுப்புவார்.

'பொருள்: பியானோ – நலம் – அறிக்கை அனுப்புதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது வாய்மொழி அறிவுரை.

பார்வையில் கண்டுள்ள அறிவுரையின்படி கவனிக்கப்பட்டதில், பியானோ நலம். பச்சை விளக்கு எரிகிறது. இது தங்களின் கனிவான பார்வைக்குப் பணிந்து அனுப்பப்படுகிறது.'

நேற்றுப் போனது நூற்றுப் பதினேழாவது கடிதம். எல்லாவற்றுக்கும் 'சந்தோஷம்' என்று ஒரு சொல் பதிலாக வரும். ஆனால் கொஞ்ச நாளாக அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒரு கேள்வியும் வந்தது. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று ஒரு வாரம். முன்னறையில் ஃபேன் சத்தம் போடுகிறதா என்று ஒரு வாரம். வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்வி எதுவும் வாடகைக்கு இருப்பவன் காதில் நல்லபடியாக விழுவதில்லை. விருத்தாசலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதினார்.

கல்யாணமான இருபது வருஷத்தில் ஆறு வீடு மாறியிருந்தார்கள். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்றார். ஒருவர் இடித்துக் கட்டப்போகிறேன் என்றார். இடிக்கவுமில்லை, கட்டவுமில்லை. நான்காவது வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை மூடினார். ஒவ்வொரு வீட்டிலும் அம்சா கருவேப்பிலையைத் தொட்டியில்தான் வளர்த்தாள், தூக்கிக்கொண்டு போக வசதியாக. இந்த ஏழாவது வீட்டில்தான் முதன்முதலாக அதை மண்ணில் வைத்தாள். அது கொல்லைப்புறத்தில் ஓட்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது. மகள் கலைப்பிரியா பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு. பள்ளிக்கூடம் நடந்துபோகும் தூரம்.

"இந்த வீட்டுலேருந்துதான் பொண்ணு பரீட்ச எழுதணும்," என்று அம்சா எப்போதோ சொல்லியிருந்தாள். பிறகு ஒருமுறையும் சொல்லவில்லை. சொல்லாததுதான் விருத்தாசலத்துக்குக் கனமாக இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே கனடாவிலிருந்து தானாக ஒரு செய்தி வந்தது. 'டிசம்பர் 12 வெள்ளிக்கிழமை வருகிறேன். முதலில் பியானோவைப் பார்க்க வேண்டும். நேரில் பேச ஒரு விஷயம் இருக்கிறது.'

அம்சா அதை மூன்று தரம் படித்தாள். "நேர்ல பேசற விஷயம்னா இன்னாங்க?"

"வீட்டுக்காரங்க நேர்ல பேசற விஷயம் ஒண்ணுதான்."

உள்ளே எலி மறுபடியும் ஒரு சுரத்தை மிதித்தது.

அன்று இரவே விருத்தாசலம் கடைத்தெருவில் எலி பிடிக்கும் ஒட்டு அட்டை ஒன்று வாங்கிவந்தார். பியானோவின் கீழ்ப்பலகையைக் கழற்றி, தொட்டிக்குப் பக்கத்தில் அட்டையை விரித்து, நடுவில், அந்தப் பக்கத்தில் மல்லாட்டைப் பயறு என்று சொல்லும் வேர்க்கடலையில் ஐந்து வைத்தார். ஐந்து என்பதை ஒரு துண்டுத்தாளில் குறித்தும் வைத்தார்.

மறுநாள் காலை ஐந்து பயறும் இல்லை. அட்டையும் இல்லை. டார்ச் அடித்துத் தேடியதில் அட்டை மேலே கனத்த கம்பிகளில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எலி அதை வாலாலோ காலாலோ இழுத்துப்போய், தான் மட்டும் கழன்றுகொண்டிருந்தது. அட்டையைப் பிடித்து இழுத்தபோது விருத்தாசலத்தின் சட்டைக் கை ஒட்டியது. கையை இழுத்தபோது கம்பியைத் தட்டும் கம்பளிக் கட்டைகள் நாலைந்து ஒன்றோடொன்று ஒட்டின. இடது கோடியில் ஏழு சுரங்கள் ஊமையாயின.

"பசைக்கு எண்ணெ போட்டா போயிடும்," என்றாள் அம்சா.

போயிற்று. கால் கிண்ணம் மல்லாட்டை எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஒவ்வொரு கம்பளியாகத் துடைத்தார்கள். பசை விட்டது. ஆனால் அதுவரை வெறும் கம்பளியாக இருந்தது இப்போது தாளித்த கம்பளியாகிவிட்டது. சாயங்காலம் வந்து பார்த்தபோது எண்ணெய் பட்ட இடத்தையெல்லாம் எலி ஒழுங்காகத் தின்றிருந்தது. படாத இடத்தை விட்டுவைத்திருந்தது.

புதன்கிழமை அலுவலகத்தில் பக்கத்து மேசை சித்தார்த்தன் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அவனுக்கு எதற்கும் சிரிப்பு வராது. "அந்துருண்டைதான் சார் கரெக்டு. நம்ம பதிவறைக்குப் போடறமே."

"நம்ம பதிவறைல எலி இருக்குதே சித்தார்த்தா."

"இருக்குது. ஆனா சளி புடிச்சுக்கினு இருக்குது."

வேறு வழி தெரியாமல் விருத்தாசலம் கடையில் இரண்டு பாக்கெட் வாங்கி அத்தனை உருண்டையையும் பியானோவின் வயிற்றில் வரிசையாக அடுக்கினார். ஈர நாள். கருவி தன் கடமையைச் செய்தது. கம்பி சூடாயிற்று. பக்கத்திலிருந்த உருண்டைகள் புகையாத புகையாகக் கிளம்பின. ஒரு மணி நேரத்தில் வீடு ஐம்பது வருஷத்துக் கோப்புக்கட்டு மாதிரி நாறியது. ரசத்தில் அந்துருண்டை வாசம், தலையணையில் அந்துருண்டை வாசம். கலைப்பிரியா தலை சுற்றுகிறது என்று வேதியியல் புத்தகத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ப்பா, இது கெமிஸ்ட்ரில வருது. திடப்பொருள் நேரா ஆவியாவறதுக்கு இதத்தான் உதாரணம் சொல்றாங்க," என்று போகும்போது சொன்னாள்.

எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே நெடி என்று மேல்மாடிக்குக் குடியேறிவிட்டது. அதுவரை கனத்த சுரங்களில் நடந்துகொண்டிருந்தது, அன்றுமுதல் வலது பக்கம், மெல்லிய சுரங்களில் நடந்தது.

உருண்டைகளைப் பொறுக்கிக் கொட்டிவிட்டு விருத்தாசலம் நெடுநேரம் யோசித்தார். யோசித்ததில் அவருக்கு நான்காவது வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். வசதிகளை நிறுத்தினால் குடியிருப்பவர் தாமாகவே காலி செய்வார் என்பது அவர் அனுபவத்தில் கண்ட ஒரு நடைமுறை. வியாழக்கிழமை காலை கருவியின் பிளக்கைப் பிடுங்கினார். தொட்டித் தண்ணீரை வடித்தார். இனிமேல் சூடும் இல்லை, தண்ணீரும் இல்லை.

அம்சா பார்த்துக்கொண்டே இருந்தாள். "தண்ணிய நிறுத்தினதும் நாம போயிட்டமா? மூணு மாசம் கொடத்துல கொண்டாந்து இருந்தமே."

எலியும் போகவில்லை. புயல் சின்னம் என்று மூன்று நாள் விடாமல் மழை பிடித்தது. சுவர் வியர்த்தது, உப்புக் கரைந்தது, தீப்பெட்டி நமத்தது. சனிக்கிழமை கலைப்பிரியா பியானோவைத் திறந்து ஒரு கட்டையை அழுத்தினாள். அது உள்ளே போனது, திரும்பி வரவில்லை. அடுத்ததை அழுத்தினாள். அதுவும் வரவில்லை. பன்னிரண்டு கட்டை ஆனதும், பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மூடினாள்.

"ப்பா, ஊதிப்போச்சு."

விருத்தாசலம் அவசரமாக பிளக்கைச் செருகினார். பச்சை இல்லை. மஞ்சள் இல்லை. சிவப்புகூட இல்லை. கீழே குனிந்து பார்த்தார். ஒயர் இரண்டு துண்டாக, வெட்டுக்கத்தியால் வெட்டியதுபோல் கிடந்தது. மின்சாரம் இல்லாத மூன்று நாளும் எலிக்கு நிம்மதியாகக் கடிக்கக் கிடைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடிதம் எண் நூற்றுப் பதினெட்டு.

அவர் வெள்ளைத் தாளை எடுத்தார். 'பொருள்: பியானோ' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நின்றது. பதிவறையில் இருபத்தேழு வருஷம் இருந்தவர். பொய்யான அறிக்கை ஒன்றில்கூட அவர் கையெழுத்து கிடையாது. பெருமூச்சு விட்டுக்கொண்டு, இருந்ததை இருந்தபடி எழுத ஆரம்பித்தார்.

'பியானோ நலமில்லை. எலி புகுந்துவிட்டது. ஒட்டு அட்டையால் ஏழு சுரங்களும், எண்ணெயால் கம்பளியும், ஈரத்தால் கட்டைகளும், கடியால் ஒயரும் கெட்டன. இவற்றில் முதல் மூன்றும் என்னால் நேர்ந்தவை. தங்கள் தகப்பனாரின் பொருளைக் காப்பாற்றத் தவறிவிட்டேன். தாங்கள் எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.'

எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு வாரத்தில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. போட்டோ எடுக்க போனை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு கை தாளைப் பிடுங்கியது.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றாள் அம்சா. குரல் உயரவில்லை. "இத அனுப்பினா அந்தம்மா வந்து எறங்கறப்பவே காலி பண்ணச் சொல்லிடுவாங்க. நடுவுல பொண்ணுக்குப் பரீட்ச. மழைல எங்க போயி வீடு தேடுவீங்க?"

"உண்மையத்தானே அம்சா எழுதியிருக்கேன்."

"உண்மைய ஏப்ரல்ல எழுதுங்க."

அவர் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வேறு தாள் எடுத்தார். 'பியானோ நலம்' என்று எழுதும்போது எழுத்து கோணியது. பச்சை விளக்கைப் பற்றிய வரியை விட்டுவிட்டார். அது ஒன்றுதான் அவரால் முடிந்த நேர்மை.

பதில் உடனே வந்தது. 'ரொம்ப சந்தோஷம். மேற்குப் பக்கத்து அறையில் சாயங்காலம் வெயில் விழுகிறதா?'

"வெயிலயும் கணக்கெடுக்கறாங்க," என்றாள் அம்சா.

திங்கட்கிழமை தென்னரசு வந்தான். வல்லம் பக்கம் மல்லாட்டைக் கொல்லைகளிலும் நெல் வயல்களிலும் எலி பிடிப்பதில் பேர் போனவன். சித்தார்த்தன் சொல்லி அனுப்பியிருந்தான். கையில் ஒரு கம்பிக்கூண்டும், காகிதத்தில் சுற்றிய சுட்ட கருவாடும் வைத்திருந்தான். வாழ்க்கையில் பியானோவை அப்போதுதான் பார்க்கிறான். ஆனால் தயங்கவில்லை. வரப்பைப் பார்ப்பதுபோல் அதைச் சுற்றிவந்து பார்த்தான். குனிந்து மோந்தான். மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்தான்.

"யாரு சார் உள்ள பொரி போட்டது?"

"பொரியா?"

தென்னரசு கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். பொரி, பொட்டுக்கடலை, ஓரத்தில் கொஞ்சம் பழைய குங்குமம்.

விருத்தாசலம் திரும்பி மனைவியைப் பார்த்தார். அம்சா முந்தானையைத் திருகினாள்.

"ஆயுதபூஜைக்கு வெச்சதுங்க."

"மேல வைக்க வேண்டியதுதானே?"

"சத்தம் போடறது உள்ள இருக்கறதுதானே? மேல வெச்சா வெறும் மரத்துக்குப் படைச்ச மாதிரி ஆவும். அதான் மூடியத் தொறந்து தூவினேன்."

"இந்த வருஷமா?"

"மூணு வருஷமும். மொத வருஷம் கொஞ்சமாத்தான் போட்டேன்."

தென்னரசு பியானோவை மரியாதையோடு பார்த்தான். "சூடு இருக்குது. தொட்டித் தண்ணி இருக்குது. கம்பளி மெத்தை இருக்குது. வருஷத்துக்கு ஒருக்கா படையல் வேற. நானா இருந்தாலும் காலி பண்ண மாட்டேன் சார்."

கூண்டை வைத்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பீடி பிடித்தான். முக்கால் மணி நேரத்தில் 'டப்' என்று சத்தம் கேட்டது. கூண்டுக்குள் பெரிய எலி ஒன்று உட்கார்ந்திருந்தது. தென்னரசு மறுபடியும் பியானோவுக்குள் கைவிட்டு, ஒரு கூட்டைச் சிதறாமல் எடுத்தான். சிவப்புக் கம்பளி, பச்சைக் கம்பளி, அம்சாவின் பழைய புடவைக் கரை, வேதியியல் நோட்டின் ஒரு பக்கம் எல்லாம் சேர்த்துப் பின்னிய கூடு. நடுவில் ரோஸ் நிறத்தில் ஏழு குட்டிகள்.

அம்சாவின் முகம் மாறிவிட்டது. "பச்ச ஒடம்புக்காரி. மழைல தொரத்தறீங்களே."

"இது வேற பேஜாரு," என்றான் தென்னரசு. "ஒலக்கூர் ரோட்டுல ஒரு பாழுங்கட்டடம் இருக்குது. அங்க கூட்டோட விட்டுட்டுப் போறேன், போதுமா?"

கூண்டு வாசலைத் தாண்டும்போது எலி விருத்தாசலத்தை நேராகப் பார்த்தது. அவருக்கு அந்தப் பார்வை தெரிந்த பார்வையாக இருந்தது. சாமான் ஏற்றிய வண்டியின் பின்னால் உட்கார்ந்து அம்சா ஆறு முறை அப்படித்தான் வீட்டைப் பார்த்திருக்கிறாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலி போய்விட்டது. பியானோ செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு நாள்.

புதுச்சேரியிலிருந்து பிரவீன்குமார் என்பவரைக் கூட்டிவந்தார்கள். மாதா கோயில்களின் ஆர்கனும் கீபோர்டும் பழுதுபார்ப்பவர். நாற்பது வயது, எப்போதும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரியே பேசுவார். பியானோவை முழுக்கப் பிரித்துத் தரையில் பரப்பிவிட்டு, இரண்டு மணி நேரம் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தார்.

"பொழைக்குமா?" என்றார் விருத்தாசலம்.

"பொழைக்கும். கட்டைங்கள சீவி, காய வெச்சு சரி பண்ணிடலாம். ஒயர் மாத்திடலாம். எலி வர்ற ஓட்டைக்குக் கம்பிவலை அடிச்சிடலாம். ஆனா கம்பளித் துணி வேணுங்க. நல்ல அழுத்தமான கம்பளி. ஆர்டர் போட்டா வர ஒரு மாசம் ஆவும்."

"ஒரு மாசம் இல்லீங்க. பத்து நாள்தான்."

"அப்ப நீங்கதான் எங்கயாவது பாக்கணும். பச்சைக் கலர்ல மேசைமேல விரிப்பாங்களே, அந்த மாதிரி."

விருத்தாசலத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. பதிவறையின் மூலையில், கழிவுப் பொருள் பட்டியலில் முப்பத்தொன்றாவது இனமாக, கூட்ட அரங்கின் பழைய பச்சை மேசைவிரிப்பு மடித்துக் கிடந்தது. பத்தொன்பது வருஷம் வெள்ளத் தடுப்புக் கூட்டத்தையும் வறட்சி நிவாரணக் கூட்டத்தையும் மாறி மாறிக் கேட்ட துணி. ஈரத்தையும் காய்ச்சலையும் அதைப்போல அறிந்த துணி மாவட்டத்திலேயே கிடையாது.

இன்னொருவராக இருந்தால் கத்தரியோடு போயிருப்பார். விருத்தாசலம் மனு எழுதினார். கழிக்கப்பட்ட விரிப்பிலிருந்து இரண்டு முழம் துணி சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று, காரணத்தோடு. மனு நாலு மேசை ஏறி இறங்க ஐந்து நாள் ஆயிற்று. மேலதிகாரி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "பியானோவுக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா." "வாசிப்பீங்களா?" "இல்லீங்க ஐயா. குடியிருக்கறேன்." அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதற்குள் இன்னொரு ஞாயிறு வந்து போயிற்று. நூற்றுப் பத்தொன்பதாவது கடிதத்திலும் பியானோ நலம். எழுதும்போது அது முன்னறைத் தரையில் எண்பத்தெட்டுத் துண்டாகக் கிடந்தது. கலைப்பிரியா துண்டுகளுக்கு நடுவில் பாய் போட்டு உட்கார்ந்து படித்தாள். அம்சா தாண்டித் தாண்டி நடந்தாள். சமையலறைக் கதவில் கம்பிகள் தொங்கின. பிரவீன்குமார் பச்சைத் துணியைக் கத்தரித்து ஒட்டினார், ஒட்டினார், ஒட்டிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசித் திருகை முடுக்கிவிட்டு பிளக்கைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. அம்சா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. பதினொரு மணிக்கு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. டிரைவர் மாசிலாமணி திண்டிவனத்துக்காரர்தான். விடியற்காலையில் மீனம்பாக்கம் போய் அந்த அம்மாளை ஏற்றிவந்திருந்தார். பிரபாவதிக்கு அறுபது தாண்டியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் நேராக பியானோவுக்குப் போனார்.

முதலில் குனிந்து பச்சை விளக்கைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். விருத்தாசலம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அம்சா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிரபாவதி வாசித்தார். ஏதோ ஒரு ஜெபப்பாட்டு. இடது கையில் ஊமையாயிருந்த ஏழு சுரங்களும் பேசின. ஊதியிருந்த கட்டைகள் போய்ப் போய்த் திரும்பி வந்தன. விழுப்புரம் கூட்ட அரங்கின் மேசைவிரிப்பு ஒவ்வொரு அடியையும் மெத்தென்று தாங்கியது. முடித்ததும் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா வாசிச்ச மாதிரியே இருக்குதுங்க," என்றார். "ஒங்க லெட்டர் நூத்திப் பத்தொன்பதயும் பிரிண்ட் போட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணயும் எத்தன தரம் படிச்சேன்னு எனக்கே தெரியாது."

விருத்தாசலம் கையைக் கூப்பினார்.

"இருங்க, வீட்ட ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன். அப்புறம் உக்காந்து பேசலாம்."

அம்சா கூடப் போனாள். மேற்குப் பக்கத்து அறையில் அந்த அம்மாள் ஜன்னலைத் திறந்து பார்ப்பதும், கொல்லைப்புறத்தில் "கருவேப்பில என்னமா வந்திருக்குது" என்பதும் முன்னறைக்குக் கேட்டன. திட்டுகிற குரல் இல்லை. பதினெட்டு நாளாக விருத்தாசலத்தின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ மெதுவாக இறங்கியது.

அவர் வாசலுக்கு வந்தார். காற்று குளிர்ந்து, நன்றாக இருந்தது. சட்டைப்பையில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால், நான்காக மடித்த அந்தத் தாள். ஒவ்வொரு நாளும் ஒரு சட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு திரிந்தது. 'பியானோ நலமில்லை. எலி புகுந்துவிட்டது.' அதை நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடையில் போட்டார். துண்டுகள் வரிசையாக மிதந்து போவதைப் பார்த்தபோது அவருக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

மாசிலாமணி டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். விருத்தாசலம் உதவப் போனார். ஐந்து பெரிய பெட்டிகள். வண்டியின் மேலே கட்டியவை இன்னும் மூன்று.

"ஒரு வாரம் தங்கறதுக்கு இவ்ளோ பெட்டியாப்பா?"

"இது பாதிதான் சார். மீதி கப்பல்ல வருது." மாசிலாமணி நிமிர்ந்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வாரா வாரம் லெட்டர் எழுதற சார் நீங்கதானா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, வழியெல்லாம் அம்மா ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கினு வந்தாங்க: 'அப்பா பியானோ கெட்டுப்போச்சுன்னு அந்த மனுஷன் ஒரே ஒரு வாரம் எழுதியிருந்தார்னா, நான் பையங்கிட்டயே இருந்துக்கினு வீட்ட அவருக்கே விட்டிருப்பேன் மாசிலாமணி.'"